பிள்ளைகளுள்ள வீடு: வன்னித் தாய்மாரின் கேள்விகளும் என் பதில்களும்

பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மார் சிலரும் ஒரு தந்தையும் ஓர் அம்மம்மாவும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் இலங்கையின் வடக்கில், வன்னியிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக நெடுங்காலம் பணியாற்றியவள். மூன்று பிள்ளைகளின் தாய். காய்ச்சல், எடைக்குறைவு போன்றவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திப்பதே நல்லது என்பதால் அக்கேள்விகளை இங்கே எடுக்கவில்லை.

மாங்குளத்திலிருந்து ஒரு தாய்: ரீச்சர், என் மகனுக்கு மூன்றரை வயது. ஒரு கோப்பைச் சோறு தீத்த ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது. கைபேசியில் படம் ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். என்ன செய்யலாம்?

தங்கச்சி, முதலில் அந்தக் கோப்பையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று பாருங்கள். பிறந்த முதலாம் ஆண்டில் பிள்ளையின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வளர்ச்சியின் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது. பிள்ளை வளர வளரச் சோறும் கூட வேண்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவனுடைய வயிறு வேறொரு கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. பதிவேட்டிலுள்ள வளர்ச்சிக் கோடு ஒழுங்காக மேலேறுமானால் உங்கள் மகன் தனக்கு வேண்டியதை உண்கிறான் என்றே கொள்ளுங்கள். என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பது தாயின் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

கைபேசியை உணவு வேளையிலிருந்து முற்றாக எடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரைக்கு முன்னால் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் மகனுக்கு அந்த அளவு ஒரு வேளைச் சோற்றோடேயே முடிந்துவிடுகிறது. படத்தைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்குத் தான் உண்பது முருங்கையிலையா மீனா என்பதும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. நிறுத்திய முதல் சில நாட்கள் அழுகையும் பிடிவாதமும் இருக்கும். அந்த நாட்களில் வீட்டிலுள்ள பெரியவர்களும் சாப்பிடும்போது கைபேசியைத் தொடாமல் இருந்தால்தான் அது நிலைக்கும்.

உணவுக்குச் சற்று முன்னர் விசுக்கோத்தும் பால்தேநீரும் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தேயிலையிலுள்ள சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். முருங்கையிலை வறைக்கு மேல் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு கொய்யாப்பழமும் அந்த வேலையைச் செய்யும். வளவில் முருங்கையும் கொய்யாவும் நிற்கும் வீட்டில் இதற்கெனக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அவனைச் சமையலுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். சுளகில் அரிசியைப் பரப்பி அவனுக்கு முன்னால் வைத்துக் கல்லைப் பொறுக்கச் சொல்லுங்கள். ஒரு கல்லைக் கண்டுபிடித்ததும் அதை உள்ளங்கையில் வைத்து வீடு முழுவதும் காட்டிவிட்டு வந்து, இன்னொரு முறை கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையில் திரும்பவும் அரிசிக்குள்ளேயே போட்டுவிடுவான். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் அன்று மதியம் அது "என்னுடைய சோறு" ஆகிவிடும். மிஞ்சிய கறியைச் சட்டியிலேயே சோற்றோடு குழைத்து, சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு உருண்டை கையில் வைக்கும் பழக்கத்தையும் விடாதீர்கள். தனியே கோப்பையில் ஒரு பிடி உண்ணாத பிள்ளை, அக்காவுக்குப் போகும் உருண்டையைப் பார்த்துவிட்டால் தானாகவே கை நீட்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: எட்டு வயது மகளும் ஆறு வயது மகனும் ஓர் அழிறப்பருக்காக அடிபடுகிறார்கள். இரண்டு வாங்கிக் கொடுத்தாலும் ஒன்றுக்குத்தான் சண்டை. யார் பக்கம் நியாயம் சொல்வது?

ஒருவர் பக்கமும் சொல்லாதீர்கள். அடியும் கடியும் இல்லாத வரை அவர்களே பேசித் தீர்க்கட்டும். நீங்கள் நீதிபதியாக அமர்ந்தால் நாளை வழக்குகள் இன்னும் கூடும். அடி விழுந்தால் மட்டும் இருவரையும் பிரித்து, ஒருவரை வாளியோடு கிணற்றடிக்கும் மற்றவரை விளக்குமாற்றோடு முற்றத்துக்கும் அனுப்புங்கள். சிறிது நேரத்தில் அழிறப்பர் மறந்துபோய், யாருடைய வேலை பெரியது என்ற பேச்சு தொடங்கிவிடும்.

அக்கராயனிலிருந்து ஒரு தந்தை: அக்கா, காலபோக விதைப்புத் தொடங்கினால் விடியுமுன் வயலுக்குப் போய், பிள்ளைகள் தூங்கிய பின்னர்தான் வருகிறேன். சின்ன மகள் என்னோடு ஒட்டுவதே இல்லை. அது மனத்தை வருத்துகிறது.

தம்பி, இந்தக் கேள்வியை ஒரு தந்தை கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் மகள் உங்களிடம் ஒட்டாமல் இருப்பதற்கு அன்பு குறைந்தது காரணமன்று. நீங்கள் எங்கே போகிறீர்கள், அங்கே என்ன செய்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வயலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வரம்பில் நடக்கவும், வாய்க்காலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவும், விதைத்த நெல் முளைத்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தன் விரலால் அளக்கவும் அவளுக்கு இடம் கொடுங்கள். ஒரு மூலையில் ஒரு சிறு துண்டை "இது உன்னுடைய நெல்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டால், மாசியில் அறுவடை முடியும் வரை ஒவ்வொரு நாளும் அந்த நெல்லைப் பற்றி உங்களிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒரு கேள்வி இருக்கும். அவள் தூங்கிவிட்ட நாட்களில் அதற்கான பதிலைத் தாய் காலையில் சொல்லட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் இருக்கும்போது மட்டும் அழைத்துச் செல்ல வேண்டாம்.

விவசாயி வீடு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பூச்சிநாசினியும் களைநாசினியும் அடித்துவிட்டு வரும் நாளில், குளித்து உடுப்பை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். மருந்தை ஒருபோதும் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். அது வந்த போத்தலிலேயே, வீட்டுக்கு வெளியே, பூட்டி வைக்கப்பட வேண்டும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை போத்தலின் வடிவத்தைத்தான் பார்க்கும்.

துணுக்காயிலிருந்து ஒரு தாய்: நான் மறுப்பதையெல்லாம் மாமி கொடுத்துவிடுகிறார். ரொபி கூடாது என்றால் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக் கொடுக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக் கூடாது, அது முதலாவது. மாமிக்குப் பேரப்பிள்ளை தன்னிடம் ஓடிவர வேண்டும் என்பதுதான் ஆசை, ரொபி அதற்கு ஒரு வழி மட்டுமே. ஆகவே அதைவிட நல்ல வழியொன்றை அவர் கையில் கொடுங்கள். "மாமி, உங்கள் கையால் செய்த எள்ளுப்பாகுதான் பிள்ளைகளுக்கு வேண்டுமாம்" என்று எள்ளையும் சர்க்கரையையும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். பயற்றம் உருண்டையும் அப்படியே. இனிப்பு இனிப்புத்தான், ஆனாலும் எள்ளிலும் பயற்றிலும் பிள்ளைக்குச் சேர வேண்டிய சத்து இருக்கிறது; உருட்டும்போது பக்கத்தில் அமர்ந்திருந்து கேட்கும் கதை அதற்கு மேலான பேறு. இரவில் பல் துலக்குவதைப் பற்றி மட்டும் உங்கள் கணவர் தன் தாயிடம் பேசட்டும். மகன் சொன்னால் அது மனத்தாங்கலாகாது.

கிளிநொச்சி நகரிலிருந்து ஒரு தாய்: மகள் நான்காம் தரம். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை. பாடசாலை ஒன்றரைக்கு விட்டதும் ரியூசன், ஞாயிறும் ரியூசன். இப்போது படிப்பென்றாலே வயிற்றுவலி என்கிறாள். நிறுத்தினால் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

அந்த வயிற்றுவலி பொய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகளுக்கு மனத்தின் பாரம் பெரும்பாலும் வயிற்றில்தான் தெரியும். வலி தொடர்ந்தால் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

இந்தப் பரீட்சை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், 1940களில் இலவசக் கல்வி வந்தபோது, திறமையுள்ள வறிய கிராமத்துப் பிள்ளைகள் நல்ல பாடசாலைகளுக்குப் போவதற்கு ஒரு கதவாகவே இது வைக்கப்பட்டது. இன்றும் இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டும் வறிய பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்கும், உயர் புள்ளி பெறுபவர் பெரிய பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். இவை நல்ல விடயங்கள்தான். ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளையின் கல்வி அங்கே நின்றுவிடுவதில்லை. அவள் தன் பாடசாலையிலேயே ஆறாம் தரத்துக்குப் போவாள், பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதுவாள், பிறகு உயர்தரம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியை ஊர் முழுவதும் தொலைபேசியில் விசாரிப்பதும், பதாகையில் சிலரின் படத்தை மட்டும் அச்சிட்டுத் தொங்கவிடுவதும் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. படம் வராத பிள்ளையும் அந்த வீதியால்தான் பாடசாலைக்குப் போகிறது.

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுப்புவதானால் இரவு எட்டரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். அதற்கு இடம் விடாத எந்த நேரசூசியும் பிழையானதே. ரியூசனை முற்றாக நிறுத்த மனமில்லையென்றால், அவளுக்கு உண்மையிலேயே கடினமாக இருக்கும் பாடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பின்னேரங்களில் கிளித்தட்டும் கெந்திப்பிடித்தலும் விளையாடட்டும். கணக்கை வீட்டிலும் செய்யலாம். ஒரு மூட்டை நெல் என்ன விலை, பத்து மூட்டைக்கு எவ்வளவு வரும், அதில் உழவுக்கூலி போனால் மிச்சம் என்ன என்று கேட்டால், வினாத்தாளில் விழிக்கும் பிள்ளை விரலை மடக்கி விடை சொல்வதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கடைக்கு அனுப்பி மிச்சக் காசைச் சரிபார்த்து வாங்கி வரச் சொல்வதும் ஒரு பாடமே. ஞாயிற்றுக்கிழமையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு தாய்: பன்னிரண்டு வயது மகன் கோப்பை கழுவினால், ஆண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

சாப்பிட்டவன் கழுவுகிறான் என்று சொல்லுங்கள். சோறு வடிக்கவும், தேங்காய் துருவவும், தன் சட்டையைத் தானே தோய்க்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அவன் நாளை பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போனால் அவனுக்குத் துணையாக வரப்போவது அந்தப் பழக்கம்தான்.

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்: மே மாதத்தில், 2009 இறுதிப்போரின் நினைவாகச் சந்தியில் கஞ்சி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்த பத்து வயது மகன், "அம்மா, அந்த நாட்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். சொல்ல வேண்டுமா, ரீச்சர்?

சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கைபேசி சொல்லும். அது காட்டும் படங்கள் பத்து வயதுக்கு உரியவை அல்ல. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. அவன் கேட்டதற்கு மட்டும், உண்மையான சிறிய வசனங்களில் பதில் சொல்லுங்கள்: இன்ன ஊரில் இருந்தோம், அங்கிருந்து நடந்தோம், சாப்பாடு இருக்கவில்லை, அரிசியைத் தண்ணீரில் அவித்த கஞ்சியே உணவாக இருந்தது, அதை நினைப்பதற்காகவே இந்தக் கஞ்சி. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பகலில், முற்றத்தைக் கூட்டும்போதோ வெங்காயம் உரிக்கும்போதோ சொல்லுங்கள். கையில் வேலை இருந்தால் கேட்பவனுக்கும் சொல்பவருக்கும் ஆறுதலாக இருக்கும். கண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம், "மாமாவை நினைத்தேன், அதனால் அழுகை வந்தது" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத தாயின் அழுகைதான் பிள்ளையைப் பயமுறுத்துகிறது.

இழந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் இறந்த விதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த மாமாவுக்கு விரால்மீன் குழம்பு எவ்வளவு பிடிக்கும், சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு எப்படி ஓடுவார், உங்களை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பவற்றையும் சொல்லுங்கள். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு உங்கள் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும், மாமா அவனுக்கு அப்படித்தான் உறவாகிறார். யார் தண்ணீர் தந்தார்கள், யார் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். கேட்ட பிறகு சில வாரங்களுக்குத் தூக்கமின்மையோ கெட்ட கனவோ தொடர்ந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். உங்களுக்கே சொல்ல இயலாமல் இருந்தாலும் அங்கே போகலாம்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மம்மா: பிள்ளை, பாலைப்பழக் காலத்தில் பேரப்பிள்ளைகளைக் காட்டுக்கரைக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. மகள் விடமாட்டேன் என்கிறாள். நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம்?

அம்மா, உங்கள் ஆசையும் நியாயம், மகளின் பயமும் நியாயம். நீங்கள் வளர்ந்த காட்டுக்கும் இன்றைய காட்டுக்கும் இடையில் ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது. ஆகவே ஆட்கள் நாள்தோறும் நடமாடும் பாதையிலேயே செல்லுங்கள்; எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தின் பக்கமே போகக் கூடாது. அறியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல், கல்லும் எறியாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைப் புறப்படுமுன் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள பகுதியானால் காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மகளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவளுக்கும் பாலைப்பழம் பிடிக்காமலா இருக்கும்? பழத்தின் பால் உதட்டில் ஒட்டிப் பிள்ளைகள் வாயைத் திறக்க முடியாமல் நிற்பார்கள், ஒரு சிறிய போத்தலில் தேங்காயெண்ணெய் கொண்டுபோங்கள்.