கலைக்களஞ்சியத்தை எப்போது திறப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளங்கலைத் தத்துவம் இரண்டாமாண்டு படிக்கிறேன். மூலக் கட்டுரை புரியாதபோது ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தைத் திறக்கிறேன். பல சமயம் அது மூலத்தைவிடக் கடினமாக இருக்கிறது. காணொளி உரைகளைக் கேட்கும்போது எல்லாம் விளங்கியதுபோலத் தோன்றுகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. என் கடைசி இரண்டு கட்டுரைகளும் ‘சுருக்கம் இருக்கிறது, வாதம் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பின. ஆசிரியரைப் போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நான் எந்த வளங்களைப் பயன்படுத்த வேண்டும்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்களிடம் வளங்கள் போதிய அளவு இருக்கின்றன. அவற்றை எடுக்கும் வரிசைதான் மாறிக் கிடக்கிறது. மூலத்தில் ஓரிடத்தில் முட்டி நின்று, ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு இவர் எப்படிப் போகிறார்?’ என்ற கேள்வியோடு போனால் கலைக்களஞ்சியம் பதில் சொல்லும். கேள்வி இல்லாமல் போனால் ஐம்பது பெயர்களையும் இருபது நிலைப்பாடுகளையும் கையில் திணித்து அனுப்பிவிடும். அதைத்தான் நீங்கள் கட்டுரையில் கொட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எட்மண்ட் கெட்டியர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை மூன்றே பக்கம். ‘ஒரு நம்பிக்கை உண்மையாகவும் இருந்து, அதை நம்பத் தக்க நியாயமும் இருந்தால் அது அறிவு’ என்ற வரையறையை அது எதிர்க்கிறது. ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்பதற்கும், ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருக்கின்றன என்பதற்கும் ஸ்மித்திடம் வலுவான ஆதாரம் உண்டு. ஆகவே ‘வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் இருக்கின்றன’ என்று முடிவுகட்டுகிறார். வேலை கிடைப்பதோ ஸ்மித்துக்கு. அவர் பையிலும், அவருக்கே தெரியாமல், பத்து நாணயங்கள். நம்பிக்கை உண்மை, நியாயமும் இருந்தது. ஆனால் அதை அறிவு என்று சொல்ல மனம் வருகிறதா?

இதுவரை எழுதினால் சுருக்கம். இனி எடுகூற்றுகளுக்கு, அதாவது முடிவைத் தாங்கி நிற்கும் கூற்றுகளுக்கு, எண் போட்டு எழுதிப் பாருங்கள், ஓர் இடைவெளி தென்படும். பொய்யான ஒன்றை நம்புவதற்கும் நியாயம் இருக்கலாம் என்பது ஒரு முன்கோள், அதாவது வாதம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் கருத்து. நியாயத்தோடு நம்பும் ஒன்றிலிருந்து சரியாகத் தருவிக்கும் முடிவுக்கும் அதே நியாயம் வந்து சேரும் என்பது இன்னொன்று. கெட்டியர் இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், அவசர வாசிப்பில்தான் நழுவிப்போகின்றன. இரண்டாவதை ஏற்க வேண்டுமா? நியாயம் எப்போதும் அப்படிக் கைமாறுமா? இங்கே உங்கள் கட்டுரை தொடங்குகிறது. கலைக்களஞ்சியத்தைத் திறக்க வேண்டிய நேரமும் இதுதான். முழுப் பதிவையும் படிக்க வேண்டாம். முதல் பத்தி, உள்ளடக்கப் பட்டியல், உங்கள் கேள்விக்குரிய ஒரு பகுதி, அந்தப் பகுதி சுட்டும் இரண்டு மூன்று நூல்கள் போதும். அதுவும் கனமாக இருந்தால் இணையத் தத்துவக் கலைக்களஞ்சியம் (Internet Encyclopedia of Philosophy) என்ற வேறொரு தளத்தில் அதே தலைப்பைத் தேடுங்கள். பல தலைப்புகளில் அதன் நடை தொடக்கநிலை மாணவருக்கு எளிது. இரண்டுமே இலவசம்.

ஒரு கட்டுரையிலிருந்து அதற்கு முந்தைய எழுத்துகளுக்குப் பின்னோக்கிப் போக அதன் நூற்பட்டியல் இருக்கிறது. முன்னோக்கிப் போக, தத்துவக் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும் ஃபில்பேப்பர்ஸ் தளம். ஒரு கட்டுரையின் பக்கத்தில் அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும், உங்கள் ஐயத்தை முன்பே எழுப்பியவர்களை அதில் காணலாம். கட்டணச் சுவர் தடுத்தால் தத்துவக் கட்டுரைகளின் இலவசக் காப்பகமான ஃபில்ஆர்க்கைவிலும் கட்டுரையாசிரியரின் சொந்தப் பக்கத்திலும் முன்வரைவு கிடைக்கக்கூடும், அல்லது நூலகரிடம் நூலகங்களுக்கிடையேயான இரவல் கேளுங்கள். முன்வரைவின் பக்க எண்கள் அச்சிட்ட கட்டுரையோடு பொருந்தாது, மேற்கோள் தரும்போது அச்சுப் பதிப்பைச் சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் கட்டுரைத் தலைப்புகளை நூலகப் பட்டியலிலோ ஃபில்பேப்பர்ஸிலோ கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆண்டும் இதழும் சேர்த்து அவை தருவதுண்டு.

வாசிப்பில் மிக அதிகமாக நேரும் பிழை, எதிராளியின் குரலை ஆசிரியரின் குரலாக எடுத்துக்கொள்வது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அங்கே வரும் உலகாயதம் என்ற பொருள்முதல்வாதமே அருணந்தி சிவாச்சாரியாரின் கொள்கை என்று ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்! இருபது பக்க ஆய்வுக்கட்டுரையிலும் பாதி பரபக்கமாக இருக்கலாம். ஆகவே முதல் வாசிப்பில் முன்னுரை, உள்தலைப்புகள், கடைசிப் பகுதி ஆகியவற்றை மட்டும் பார்த்து முடிவு என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டாவதில் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘தன் கருத்து’, ‘எதிர்க் கருத்து’, ‘உதாரணம்’, ‘பதில்’ என்று குறியுங்கள். மூன்றாவதில்தான் எடுகூற்றுகளுக்கு எண் போடுவது. காணொளி உரை இந்த மூன்றையும் உங்களுக்குப் பதிலாக வேறொருவர் செய்து தருவது. அதனால்தான் கேட்கும்போது விளங்குகிறது, எழுதும்போது கை வெறுமையாக இருக்கிறது. மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு கேளுங்கள், அப்போது நல்ல துணை.

எழுதும்போது 1500 சொல்லில் ஒரே ஒரு கருத்தை நிறுவுங்கள். பிறர் வாதத்தை விளக்க 500 சொல்லுக்கு மேல் வேண்டாம். உங்கள் மறுப்புக்கு ஒரு 450, அந்த மறுப்புக்கு அவர் தரக்கூடிய மிக வலுவான பதிலுக்கும் உங்கள் மறுமொழிக்கும் 400. மீதி முன்னுரைக்கும் முடிவுரைக்கும். ‘ஆதிகாலம் முதல் மனிதன் சிந்தித்து வருகிறான்’ என்று தொடங்கும் பத்தியை அடித்துவிட்டு, ‘கெட்டியரின் இரண்டாம் முன்கோளை ஏற்க முடியாது என்று வாதிடுகிறேன், ஏனெனில்...’ என்று தொடங்குங்கள். அந்த ‘ஏனெனில்’ நிரம்பவில்லை என்றால் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.

செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண் போதாது, பதிப்புக்குப் பதிப்பு மாறும். எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண்களைத் தாருங்கள். பிளேட்டோவுக்கு 1578-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வரும் ஸ்டெஃபானஸ் எண்கள், அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் எண்கள், காண்ட்டின் முதல் விமர்சன நூலுக்கு (Critique of Pure Reason) 1781, 1787 பதிப்புகளைக் குறிக்கும் ஏ, பி எண்கள். நல்ல மொழிபெயர்ப்புகளின் ஓரத்தில் இவை அச்சிடப்பட்டிருக்கும். ஸ்டான்ஃபோர்ட் பதிவுகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை, ஆகவே ஆண்டுக்கு நான்கு முறை சேமிக்கப்படும் நிலைப்பதிப்பையே மேற்கோள் காட்டுங்கள். இவற்றைக் குறித்துவைக்க ஸோட்டேரோ என்ற மேற்கோள் சேமிப்பு மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது என்றீர்கள். ‘புரியவில்லை’ என்று போனால் அவர் வகுப்பில் சொன்னதையே மறுபடி சொல்வார். திரும்பி வந்த கட்டுரை ஒன்றை எடுத்துப்போய், ஒரு பத்தியைக் காட்டி, ‘இது சுருக்கம் என்று இப்போது தெரிகிறது. இந்த முன்கோளை இப்படி மறுத்திருந்தால் அது வாதம் ஆகியிருக்குமா?’ என்று கேளுங்கள். முந்தைய நாளே அந்தப் பத்தியையும் கேள்வியையும் ஐந்து வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், பதினைந்து நிமிடச் சந்திப்பு அதற்குப் போதும்.

அன்புடன்