பெட்டி கேஸ் என்றால் என்ன? சென்னையில் அதை எப்படி நடத்துகிறார்கள்?

குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்வது மாதிரியான சின்னக் குற்றங்களுக்குப் போடும் வழக்குதான் பெட்டி கேஸ். சென்னையில் இதற்கு அதிகம் கைகொடுப்பது 1888-ஆம் வருடத்து சென்னை நகரக் காவல் சட்டம், குறிப்பாக அதன் 75-ஆவது பிரிவு.

எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் இவை வரும். மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைச் சொல்லி ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார், ஆமாம் என்றால் பெரும்பாலும் அன்றைக்கே அபராதம் கட்டிவிட்டுப் போகலாம், இல்லை என்றால் சாட்சி, விசாரணை என்று நடக்கும், அதற்குள் எத்தனை வாய்தா என்பது தனிக்கதை.

ஏன் இந்தச் சுருக்கவழி? ஹெல்மெட் போடாதவருக்கும் கொலை வழக்கு மாதிரி முழு விசாரணை வைத்தால் கோர்ட்டே திணறிவிடும். சளிக்கு வந்தவரை ஓபி-யில் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்களே, ஆபரேஷன் தியேட்டருக்கா ஏற்றுகிறார்கள்? ஆனால் அவசரத்தில் அநியாயம் நடந்துவிடக் கூடாதே, அதனால் சுருக்க விசாரணையில் 3 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை கொடுக்க முடியாது என்று சட்டமே கட்டிப் போட்டிருக்கிறது.

ஹெல்மெட் இல்லாததற்கான 1,000 ரூபாயைப் போலீஸிடமே கட்டி முடிக்கலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அப்படி முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

அப்புறம், ‘கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் கேஸே இல்லாத மாதிரி’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சட்டப்படி நீங்கள் குற்றவாளி என்ற தீர்ப்புதான் அது.