ரிமோட்டில் அணைத்த பிறகும் கரண்ட் செலவாகுமா?

ஆகும். சாதனம் வேலை செய்யாமல் சும்மா காத்திருக்கும்போது இழுக்கிற கரண்டைத்தான் ஸ்டாண்ட்பை மின்சாரம் என்பார்கள். ரிமோட்டை எப்போது அழுத்துவோம் என்று டிவி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அதற்காக உள்ளே ஒரு சின்னப் பகுதி விழித்தே இருக்கும். சரியாக மூடாத குழாய் மாதிரிதான், ஒரு சொட்டு பெரிதில்லை, ராத்திரி முழுக்கச் சொட்டினால் வாளியே நிறைந்துவிடும். செட்டாப் பாக்ஸ்தான் இதில் மோசம்; பல மாடல்கள் அணைத்த பிறகும் ஏறக்குறைய ஓடும்போது இழுக்கிற அளவே இழுக்கும். நாள் முழுக்க 10 வாட் என்றால் மாதம் 7 யூனிட்டுக்கு மேல் வீண். படுக்கப் போகுமுன் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுங்கள். அப்புறம், செல்போன் சார்ஜரைச் செருகியே வைத்தால் பில் எகிறும் என்று பலர் பயப்படுகிறார்கள். போன் மாட்டாத இன்றைய சார்ஜர் பெரும்பாலும் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் இழுக்கும்.