வருமான வரி: செப்டம்பர் 30ஆ, நவம்பர் 30ஆ?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பாதி, கடைசி நாள் எது என்பதைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குவோம்.

களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். சிலர் செப்டம்பர் 30 என்கிறார்கள், சிலர் நவம்பர் 30 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான் அண்ணன். முதலாவது காசு கட்டும் நாள், மற்றது கணக்குக் காட்டும் நாள். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். 2025/26ஆம் ஆண்டுக்குரிய வரியை 2026 செப்டம்பர் 30க்குள் கட்டி முடிக்க வேண்டும். விபரத்திரட்டை, அதாவது வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, அதே ஆண்டு நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். உங்களைப் போல வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணைகளும் உண்டு. செப்டம்பரில் கட்டுவது அந்தத் தவணைகள் போக மிஞ்சியதைத்தான்.

கையில் காசில்லை. கட்ட முடிகிறபோது விபரத்திரட்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? (ஏறாவூர்)

அந்த வேலை மட்டும் வேண்டாம் நாநா. வரி பிந்தினால் மாதம் 1.5 வீதம் வட்டி ஏறும், அதற்கு மேல் தண்டமும் வரலாம். விபரத்திரட்டு பிந்தினால் அதற்குத் தனித் தண்டம். சட்டத்தில் அது 50,000 ரூபாயும், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாயும். வரித்தொகையை வைத்துப் போடும் கணக்கு அதைவிடக் கூடினால் அந்தத் தொகை. உச்சம் 400,000. சில ஆயிரம் வரிக்கு இவ்வளவு தண்டம் கட்டுவதா? காசு இல்லாவிட்டாலும் தாளை நேரத்துக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. நவம்பர் கடைசி நம் பக்கம் மாரி. கரண்ட் போகும், நெற் போகும், றோட்டில் வெள்ளம் நிற்கும். 30ஆம் திகதி இரவு ஒன்லைனில் செய்யலாம் என்று இருக்காதீர்கள். நான் ஒக்டோபரிலேயே முடித்துவிடுவேன்.

கல்முனையில் ஆசிரியை. சம்பளம் மாதம் 120,000. சம்பளத்தில் வரி வெட்டுவதில்லை. வீடொன்றை 50,000க்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும் ரீச்சர். கணக்கைப் பாருங்கள். வருடச் சம்பளம் 1,440,000. வாடகை 600,000, அதில் 25 வீதம் கழிவு உண்டு, எனவே 450,000தான் கணக்குக்கு வரும். மொத்தம் 1,890,000. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விடுதொகை, அதாவது வரி போடாமல் விடும் வருட வருமானம், 1,800,000. மிஞ்சுவது 90,000, அதற்கு 6 வீதம்: 5,400 ரூபாய். மாதம் 150,000க்கு மேல் போனால்தான் சம்பளத்தில் வெட்டுவார்கள். வாடகை கல்வித் திணைக்களத்துக்குத் தெரியாதுதானே. அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

டின் நம்பர் எடுத்தால் வரி கட்டியே ஆக வேண்டுமா? (வாழைச்சேனை)

இல்லை. அது அடையாள இலக்கம், அவ்வளவுதான். வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

அக்கரைப்பற்றிலிருந்து. என் நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 வீதம் வெட்டுகிறது. வேறு வருமானம் இல்லை.

வருட வருமானம் 1,800,000ஐத் தாண்டாவிட்டால், டின் நம்பரோடு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுங்கள், வெட்டமாட்டார்கள். ஏற்கெனவே வெட்டியதைத் திரும்பக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். வங்கி தரும் வரிச் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள்.

கத்தாரில் இருக்கும் மகன் மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசுக்கு? (காத்தான்குடி)

அது உங்கள் வருமானம் இல்லை உம்மா, வரியும் இல்லை. அதை வைப்பிலிட்டு வட்டி எடுத்தால் மேலே சொன்ன கதைதான்.