வாசகர் கேள்வி பதில்: ஏஜினாவுக்கு ஒரு முழுப் பகல்

கேள்வி: கல்லடியில் ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் நால்வர் நாங்கள். மூவர் இங்கேயே இருக்கிறோம். ஒருவர் ஜேர்மனியில் மியூனிக் நகரில் வாழ்கிறார். வருகிற ஆண்டு ஏதென்ஸில் சந்தித்து ஐந்து நாள் தங்க எண்ணியுள்ளோம். அந்நகரின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபொலிஸைப் பார்ப்பது உறுதி. அதனுடன் ஒரே நாளில் மூன்று தீவுகளைக் காட்டும் கப்பல் பயணத்தில் சேரலாமா, அல்லது ஒரு தீவே போதுமா?
— வாசகர், கல்லடி

பதில்: ஒரு தீவே போதும், அது ஏஜினாவாக இருக்கட்டும். நீங்கள் சொல்லும் மூன்று தீவுப் பயணத்தில்தான் நானும் முதன்முறை அங்கே போனேன். கப்பல் ஏஜினாவில் நின்ற நேரத்தில் பாதி பஸ்ஸிலேயே கழிந்தது. குன்றின்மேல் உள்ள அஃபாயா கோயிலை அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தக் குறை மனத்தில் கிடந்தபடியால் பின்னர் ஒருமுறை அந்தத் தீவுக்கென்றே போய், ஒரு பகல் முழுவதும் அங்கே இருந்தேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்திலும், விரைவுப் படகில் 40 நிமிட அளவிலும் ஏஜினாவை அடைந்துவிடலாம். துறைமுகத்தில் புறப்பட்டு ஆயியா மரீனாவுக்குப் போகும் பஸ் கோயில் அருகே நிற்கும். பைன் மரங்கள் சூழ்ந்த குன்றின் உச்சியில் நிற்கும் இந்தக் கோயில் கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, அக்ரோபொலிஸின் பெருங்கோயிலான, கி.மு. 447இல் தொடங்கப்பட்ட பார்த்தினனைவிட ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூத்தது. அக்ரோபொலிஸில் கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டியிருக்கும். இங்கேயோ ஒரு கல்லின்முன் நின்று, அது ஏன் இப்படி வைக்கப்பட்டது என்று நண்பர்களோடு வாதிட இடமும் நேரமும் கிடைக்கும்.

அப்படி வாதிடத் தக்க ஒன்றைச் சொல்கிறேன். கோயிலின் வெளிச்சுற்றில் முன்னும் பின்னும் ஆறு, பக்கத்துக்குப் பன்னிரண்டு என, மூலைத் தூண்களை ஒருமுறை மட்டும் எண்ணினால், 32 தூண்கள் இருந்தன. அவற்றுள் மூன்று தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஒற்றைக் கல்லால் ஆனவை. வடக்குப் பக்கத்தில் உள்ள அந்த மூன்று மட்டும் வட்டக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்பட்டவை. உள்ளே கருவறை கட்டி முடியும்வரை கற்களைக் கொண்டுபோவதற்காக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்து, கடைசியில் அடைத்திருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். நீங்கள் நால்வரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் அந்தத் தூண்களைத் தேடிப் பாருங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கொத்தர்களின் வேலை ஒழுங்கு கண்முன்னே விரியும்.

இனி, மியூனிக்கில் இருக்கும் உங்கள் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். கோயிலின் முக்கோண முகப்புகளை நிறைத்திருந்த பளிங்குச் சிற்பங்கள் இன்று ஏஜினாவில் இல்லை. அவருடைய நகரத்திலேயே, கிளிப்டோதெக் என்னும் காட்சிச்சாலையில் இருக்கின்றன. 1811இல், கிரேக்கம் ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்தபோது, ஆங்கிலேயரான கொக்கரெலும் ஜேர்மானியரான ஹாலரும் தோழர்களோடு அவற்றைத் தோண்டியெடுத்தார்கள். அடுத்த ஆண்டு நடந்த ஏலத்தில் பவேரிய இளவரசர் லுட்விக் சார்பில் அவை வாங்கப்பட்டன. இரண்டு முகப்புகளிலும் நடுவில் அத்தீனா தேவி நிற்க, இருபுறமும் கிரேக்கப் புராணங்கள் சொல்லும் டிரோய்ப் போரின் வீரர்கள் பொருதுகிறார்கள். மேற்கு முகப்பின் ஓரத்தில் விழுந்து கிடக்கும் வீரன் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கும்போதும் பழைய பாணியில் புன்னகைக்கிறான். சில ஆண்டுகள் பிந்திச் செதுக்கப்பட்ட கிழக்கு முகப்பிலோ, சாயும் வீரன் கேடயத்தைப் பற்றி உடலை முறுக்கி எழ முயல்கிறான். அந்த உடலில் வலி தெரிகிறது. கிரேக்கச் சிற்பம் தன் போக்கை மாற்றிக்கொண்ட தருணம் இந்த இரண்டு வீரர்களுக்கு இடையில் கிடக்கிறது. ஆகவே உங்கள் நண்பர் முதலில் அங்கே போய், படங்கள் எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்கு வரட்டும். வெறுமையாக நிற்கும் கோயில் முகப்பின் கீழ் நின்று அவர் அந்தப் படங்களைக் காட்டும்போது, மற்ற மூவருக்கும் அவரே வழிகாட்டி.

கேள்வி: படங்களில் கிரேக்கக் கோயில்கள் எல்லாம் வெறுங்கல்லாகவே தெரிகின்றன. அவை முதலிலும் அப்படித்தான் இருந்தனவா? இந்த அஃபாயா எந்தத் தெய்வம்?
— வாசகி, திருக்கோவில்

பதில்: இல்லை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இராது. அஃபாயா கோயில் உள்ளூர்ச் சுண்ணக்கல்லில் கட்டி, மேலே சாந்து பூசப்பட்டது; சிற்பங்களிலும் முகப்பிலும் சிவப்பும் நீலமும் பூசப்பட்டிருந்தன. நிறத்தின் தடயங்களைக் கொண்டு, மேற்கு முகப்பின் வில்வீரனுக்குப் பல வண்ண உடையோடு ஒரு மாதிரிச் சிலையும் செய்திருக்கிறார்கள். மழையும் வெயிலும் நிறத்தைக் கழுவிவிட, பிற்காலத்தவர் அந்த வெறுமையையே கிரேக்க அழகு என்று கொண்டார்கள்.

வழிபாட்டு முறையில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அங்கே பலிபீடம் கோயிலுக்கு வெளியே, கிழக்கில் இருந்தது. மக்கள் கூடியதும் பலியிட்டதும் அந்தத் திறந்த வெளியில்தான். அந்தப் பீடத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் சாய்தளத்தை இன்றும் காணலாம். அஃபாயா அந்தத் தீவுக்கே உரிய பெண் தெய்வம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பௌசானியஸ், கிரேத்தா தீவின் பிரிட்டோமார்ட்டிஸ் தேவியே ஏஜினாவில் இப்பெயரில் வழிபடப்பட்டாள் என்கிறார்.

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில்தான் எங்களால் கிரீஸ் போக முடியும். நம் வெயிலுக்குப் பழகியவர்களுக்கு அந்த வெயில் பெரிதா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பெரிதுதான். அக்ரோபொலிஸின் உச்சியில் நிழல் அரிது; 2023இலும் 2024இலும் கடும் வெப்ப நாட்களில் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் அதை மூடியே வைத்தார்கள். 2023 செப்டெம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்போடு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு முறையும் நடைமுறையில் உள்ளது. ஆகவே காலையின் முதல் நேரத்தையே முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள். பலர் நடந்து தேய்ந்த பாறை வழுக்கும் என்பதால் அடி பிடிக்கும் சப்பாத்து அவசியம். குதி உயர்ந்த காலணிக்கு அங்கே அனுமதி இல்லை. ஏஜினாவுக்கும் போவதானால் காலைக் கப்பலில் போய் முதலில் குன்றின்மேல் ஏறிவிடுங்கள். வெயில் தாழ்ந்தபின் துறைமுகத்தை அடுத்த கொலோனாவுக்கு நடந்து, அப்பொல்லோ கோயிலில் எஞ்சி நிற்கும் ஒற்றைத் தூணைப் பார்க்கலாம். அந்தத் தீவில் விளையும் பிஸ்தாவைத் துறைமுகத்துக் கடைகளில் வாங்கிக்கொண்டு மாலைக் கப்பலில் திரும்பினால் போதும்.