குடியை நிறுத்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை பெற முடியுமா?

உங்கள் கணவர் பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார் என்றும், நகரத்திலுள்ள போதை மீட்பு மையத்திற்கு வர மறுக்கிறார் என்றும் எழுதி, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை கிடைக்குமா, இல்லையென்றால் அவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். சிகிச்சை பெரும்பாலும் கிடைக்கும்; தெரியாமல் கலப்பது எந்நிலையிலும் கூடாது.

உயிராபத்து உள்ளது என்பதால் இரண்டாவதை முதலில் சொல்கிறேன். விளம்பரங்களைப் பார்த்து வாங்கும் பொடிகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மருந்துக் கடையில் வாங்கிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் வெளியேறாமல் தேங்கும்படி அது செய்கிறது. அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு நேரக்கூடும். விவரமறிந்து சம்மதித்து, வீட்டார் முன்னிலையில் அன்றாடம் விழுங்குபவருக்கு இதே மாத்திரை நல்ல துணையாகிறது. ஒளித்துக் கொடுத்தது ஒருநாள் தெரியவந்தால், அவர் பிறகு வீட்டுச் சோற்றையும் நம்பமாட்டார், மருத்துவரையும் நம்பமாட்டார்.

எங்களிடம் வருபவரிடம் முதலில் அளவைக் கேட்போம். "ஒரு குவார்ட்டர்தான்" என்று பலரும் சொல்லும் 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் 10 கிராமை ஓர் அளவாகக் கொள்வதால், அந்த ஒரு குவார்ட்டர் ஆறு அளவுகளுக்குச் சமம். அந்தப் படிவத்தில் 40க்கு 8 மதிப்பெண் வந்தாலே கவனிக்க வேண்டும். 20ஐத் தொட்டால் குடிநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மதிப்பெண்ணைக் காட்டிலும், காலையில் கை நடுக்கம் தீர்வதற்காகக் குடிக்கிறாரா என்ற விடையையே நான் பெரிதும் நம்புகிறேன்.

அந்த நிலைக்கு முன்பே பிடித்துவிட்டால் பேச்சே பெரிய மருந்து. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் அச்சான ஆய்வில், ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை இருந்த ஆண்களிடம், மனநலத் துறையில் பட்டம் பெறாமல் பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து மீண்டவர்கள் அவர்களில் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 26 சதவீதம். இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு இது பெரும்பலன் என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அவ்வாறானால் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டோ, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ, உண்மையான மனவுறுதியோடு நிறுத்தியவர்களை இரண்டாம் நாளே வலிப்போடு எங்களிடம் தூக்கிவருகிறார்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாளையொட்டி ஆளும் இடமும் தெரியாத பிதற்றலும் வரலாம். கவனிக்காவிட்டால் இந்தக் கடைசி நிலை உயிரைப் பறிக்கும். டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு மாத்திரையைப் போதிய அளவில் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால், பலர் வீட்டில் இருந்தபடியே அன்றாடம் எங்களிடம் வந்து காட்டி இந்த நாட்களைக் கடந்துவிடுகிறார்கள். முன்பு வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலையோ வயிற்று வீக்கமோ உள்ளவர், தற்கொலை பற்றிப் பேசுபவர், வீட்டில் துணைக்கு ஆளில்லாதவர் ஆகியோரை மட்டும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். இன்னொன்று: "சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும் என்பதால், அவர் குடிப்பவர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நடுக்கம் தணிந்த பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உள்ளன. எங்களிடம் இருப்பில் இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எழுதித்தருவார், தொடர்ந்து பார்ப்பதை நாங்கள் செய்யலாம். மீண்டும் குடித்துவிட்டு வருபவரைச் சர்க்கரை கூடிவந்த நோயாளியைப் போலவே நான் நடத்துகிறேன்: திட்டாமல், எங்கே தவறியது என்று கேட்டு, மருந்தையும் அடுத்த வருகை நாளையும் திருத்தி எழுதுகிறேன். வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது ஒருமுறை வந்து மருத்துவரிடம் பேசுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கவோ வயிற்றெரிச்சலுக்கோ என்று அழைத்தால் வரக்கூடும். அங்கே குடியைப் பற்றி மருத்துவரே கேட்டுக்கொள்வார். அதற்கிடையில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம். அவர் உங்களை அடிக்கிறார் என்றால், சிகிச்சைக்குச் சம்மதிக்கும்வரை காத்திராமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.