கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது, சங்கத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறோம். மாமனார் காலத்திலிருந்து கூட்டுறவு ஃபேக்டரிக்குத்தான் இலை போடுகிறோம். இப்போது ஒரு ஏஜெண்ட் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக, கையோடு காசு தருகிறேன் என்கிறார். சங்கத்தில் இருப்பதால் எங்களுக்கு என்னதான் நன்மை?
– வாசகி, நீலகிரி

பதில்: முதலில் எடையைப் பாருங்கள், சகோதரி. பேச்சுக்கு நூறு கிலோ இலை. ஏஜெண்ட் ஈரம், முற்றல் என்று 12 கிலோ கழித்துவிட்டு 22 ரூபாய் போட்டால் 1936 ரூபாய். சங்கம் 3 கிலோ கழித்து 20 ரூபாய் போட்டால் 1940. உங்கள் ஊரில் கழிவு எவ்வளவு என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி வையுங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.

சங்கத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஒரு வருடம் இலைக்குச் சங்கம் தர வேண்டிய மூன்று மாதப் பட்டுவாடா நின்றுபோய், அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் எங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். ஒரு குடும்பத்தின் நிம்மதி பணம் கைக்கு வரும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது, அதனால் ஏஜெண்ட் கையில் தரும் காசுக்கு நீங்கள் ஆசைப்படுவதைத் தப்பு என்று என்னால் சொல்லவே முடியாது.

ஆனால் 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவு ஃபேக்டரியும், 1965-இல் இந்தக் கூட்டுறவு ஃபேக்டரிகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வும் ஏன் வந்தன? சொந்தமாக ஃபேக்டரி கட்ட முடியாத சிறு விவசாயி, பறித்த இலையை அன்றைக்கே யாரிடமாவது கொடுத்தாக வேண்டும், மறுநாள் வரைக்கும் வைத்தால் கெட்டுவிடும், அவசரம் முழுக்க நம் பக்கம்தான். பக்கத்தில் சங்கத்தின் தராசு ஒன்று இருப்பதால்தான் ஏஜெண்டும் கூடுதலாகத் தர வருகிறார். அந்தத் தராசு போய்விட்டால் அந்த இரண்டு ரூபாய் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. நல்ல கொழுந்தை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, முற்றலை சங்கத்தில் போடுகிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும், இலை மட்டமானால் தூளும் மட்டம், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும், அது நமக்கு வரும் பணத்தில்தான் விழும். பட்டுவாடா தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம். நிர்வாகம் சரியில்லாததும் ஒரு காரணம்தான். அதைச் சங்க உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் கேளுங்கள், எத்தனை ஏக்கர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

மாமனார் பெயரிலேயே உறுப்பினர் பதிவு இருக்கிறதா? பறிப்பது நீங்கள், பணம் வேறொருவர் கணக்குக்குப் போகிறது என்றால், சங்கம் நல்ல விலையே கொடுத்தாலும் அதில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்? வீட்டில் பேசிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற என்ன கேட்பார்கள் என்று செயலாளரிடம் விசாரியுங்கள். அதுவரை இலையைச் சங்கத்திலேயே போடுங்கள்.